தம்பி கொண்டு வந்த அட்டை: மனநல மருந்து மிகையளவு, ஒரு நிகழ்வு ஆய்வு

இரவு 8.40. ஸ்ட்ரெச்சரில் 34 வயதுப் பெண். பின்னாலேயே ஓடி வந்த தம்பியின் கையில் காலி மாத்திரை அட்டை ஒன்று.

"அக்கா தூக்க மாத்திரை எல்லாத்தையும் போட்டுட்டா டாக்டர். இதோ, அட்டை."

குளோனாசெபாம். அடுத்த முக்கால் மணி நேரம் அந்த அட்டை எங்களை எப்படி ஏமாற்றப் பார்த்தது, எது எங்களைக் காப்பாற்றியது என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எத்தனை மாத்திரை என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அந்த எண் அன்று சிகிச்சைக்கும் உதவவில்லை. மயக்கத்தில் இருப்பவரோ பதற்றத்தில் இருப்பவரோ சொல்லும் எண்ணிக்கையை நம்பி நான் எந்த முடிவும் எடுப்பதில்லை.

வந்தபோது

மூன்று ஆண்டுகளாக மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சையில் இருப்பவர். காலையில் செர்ட்ராலின், இரவில் குளோனாசெபாம். இதற்கு முன் இப்படி நடந்ததில்லை. மாலை 6.30 மணிக்கு வீட்டில் எல்லோரிடமும் சாதாரணமாகப் பேசியிருக்கிறார். 7.45க்குத் தம்பி அறைக்குள் போனபோது நாக்குக் குழறியிருக்கிறது. ஆக, எங்களிடம் வரும்போது உட்கொண்டு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

கூப்பிட்டால் கண் திறந்தார், சம்பந்தமில்லாத ஓரிரு சொற்கள் சொன்னார், மீண்டும் மூடிக்கொண்டார். ஜிசிஎஸ் (விழிப்பு நிலைக்கான 3 முதல் 15 வரையிலான மதிப்பெண்) 11. மூச்சு நிமிடத்துக்கு 16, ஆக்சிஜன் 97 சதவீதம், ரத்த அழுத்தம் 104/60, விரல் நுனிச் சர்க்கரை 112. இதுவரை எல்லாம் அட்டையோடு ஒத்துப்போனது. ஒத்துப்போகாதது பல்ஸ். 128.

குளோனாசெபாம் வகை மாத்திரைகளை மட்டும் அதிகமாகப் போட்டவர் பெரும்பாலும் தூங்குவார். பல்ஸும் அழுத்தமும் ஓரளவு இயல்பாகவே இருக்கும். இவருக்கு இதயம் ஓடிக்கொண்டிருந்தது. வெப்பநிலை 37.8. கண்பாவை இரண்டும் 6 மில்லிமீட்டர், வெளிச்சத்துக்கு மெதுவாகத்தான் சுருங்கின. உதடு வெடிப்பு விட்டிருந்தது. அக்குளில் விரல் வைத்துப் பார்ப்பது எனக்குப் பழைய பழக்கம். இவ்வளவு வேகமாக இதயம் துடிக்கும் ஒருவருக்கு அங்கே ஈரம் இருக்க வேண்டும். காய்ந்து கிடந்தது.

இதை எல்லாம் நான் வரிசையாக யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அது பொய். ஒவ்வொன்றும் ஒரு சின்ன நெருடலாகத்தான் பட்டது. அதற்குள் பக்கத்தில் நின்ற ஹவுஸ் சர்ஜன் கேட்டார்: "சார், ஃப்ளூமாசெனில் சிரிஞ்சில எடுத்துட்டேன். குடுத்துடலாமா?"

கேள்வியில் தவறில்லை. அந்த வகைத் தூக்க மாத்திரைகளுக்கு மாற்று மருந்து என்று பாடப் புத்தகத்தில் இருப்பது அதுதான். "இசிஜி எடுத்துட்டுப் பாத்துக்கலாம்" என்றேன். அதுவும் ஞானத்தால் சொன்னதல்ல, பழக்கத்தால் சொன்னது. மாத்திரை அதிகம் போட்டு வருபவர் யாராக இருந்தாலும், அட்டையில் என்ன பெயர் இருந்தாலும், முதல் பத்து நிமிடத்துக்குள் பன்னிரண்டு லீட் இசிஜி என்பது எங்கள் பிரிவில் எழுதாத விதி.

இசிஜி பேசியது

8.52க்கு எடுத்த தாளில் சைனஸ் தாளம்தான், வேகம் மட்டும் அதிகம். ஆனால் கியூஆர்எஸ் (இதயத்தின் கீழறைகளில் மின்சாரம் பரவுவதைக் காட்டும் அலை) அகலம் 118 மில்லி செகண்ட். ஏவிஆர் லீடில், வழக்கமாகக் கீழ்நோக்கிப் போகும் அலையின் கடைசியில் மேல்நோக்கி ஒரு ஆர் அலை, உயரம் 4 மில்லிமீட்டர். இந்த இரண்டையும் குளோனாசெபாம் செய்யாது. இதயத் தசையின் சோடியம் வாய்க்கால்களை ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. வேகமான பல்ஸ், விரிந்த பாவை, காய்ந்த தோல், அகலும் கியூஆர்எஸ் எல்லாவற்றையும் சேர்த்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது ட்ரைசைக்ளிக் என்ற பழைய மனச்சோர்வு மருந்துக் குடும்பம்.

தம்பியிடம் திரும்பினேன். "வீட்டுல வேற மனநல மாத்திரை ஏதாவது இருக்கா?"

"இல்ல டாக்டர். அக்காவோடது மட்டும்தான். ரெண்டே ரெண்டு மாத்திரை."

அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டேன். ட்ரிப்ஸ் போட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "அம்மா அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க தம்பி?"

"அப்பாவுக்கு பிரஷர். அம்மாவுக்கு சுகர். அப்புறம் கால் எரிச்சலுக்கு ராத்திரி ஒண்ணு போடுவாங்க."

கால் எரிச்சலுக்கு இரவில் ஒன்று. வீட்டுக்குப் போன் போட்டு, அலமாரியில் பார்க்கச் சொல்லி, அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தது அமிட்ரிப்டிலின். அந்த வாரம்தான் வாங்கியது, இப்போது அட்டை காலி.

ட்ரைசைக்ளிக் வகையில் முதல் மருந்தான இமிப்ரமினின் பயனை ரோலண்ட் குன் 1957ல் அறிவித்தார். அமிட்ரிப்டிலின் 1961ல் சந்தைக்கு வந்தது. மனச்சோர்வுக்கென்று வந்த அந்த மருந்து இன்று பல வீடுகளில் நரம்பு வலி மாத்திரை, ஒற்றைத் தலைவலி மாத்திரை என்ற பெயரில்தான் இருக்கிறது. வீட்டாரின் கணக்கில் அது மனநல மருந்தே அல்ல. "வேற மனநல மாத்திரை இருக்கா" என்று கேட்டால் "இல்லை" என்பதுதான் நேர்மையான பதில்.

ஃப்ளூமாசெனில் கொடுத்திருந்தால்? அமிட்ரிப்டிலின் வலிப்பைத் தூண்டக்கூடியது. அந்த நேரத்தில் வயிற்றில் இருந்த குளோனாசெபாம் தற்செயலாக வலிப்புக்கு ஒரு தடுப்பாகவும் இருந்திருக்கும். அந்தத் தடுப்பை நாமே எடுத்துவிட்டு, அதன் பிறகு வலிப்பை நிறுத்த அதே வகை மருந்தைக் கொடுத்தாலும் வேலை செய்யாத நிலையை உண்டாக்கியிருப்போம். தினமும் குளோனாசெபாம் எடுப்பவருக்கு மருந்து திடீரென விலகுவதாலேயே வலிப்பு வரலாம் என்பது வேறு. தெரியாத கலவை மிகையளவில் நான் ஃப்ளூமாசெனிலைத் தொடுவதே இல்லை. மூச்சு குறைந்தால் மூச்சுக்கு உதவி செய்யலாம், அதற்கு நமக்கு வழி இருக்கிறது. பெயர் எழுதி ஒட்டிய அந்த சிரிஞ்ச் காலை வரை ட்ரேயிலேயே கிடந்தது.

9.10

போனை வைப்பதற்குள் வலிப்பு. 40 விநாடி. லோரசெபாம் 2 மில்லிகிராம் நரம்பு வழியாகக் கொடுத்தோம், நின்றது. (தூக்க மாத்திரை போட்டு வந்தவருக்கு மறுபடியும் அதே வகையா என்று அன்று ஒருவர் கேட்டார். ஆம், அதேதான். இங்கே ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்துதான் தவிர்க்க வேண்டியது, அதுவும் சோடியம் வாய்க்காலையே அடைக்கும்.) வலிப்பு நின்றது, ஆனால் வலிப்பில் உண்டான அமிலம் ரத்தத்தில் ஏறியது. அமிலம் ஏற ஏற மருந்து இதயத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். மானிட்டரில் அது கண்ணெதிரே நடந்தது. அலைகள் அகன்று, கால் பரப்பி நிற்பதுபோல் ஆயின. கியூஆர்எஸ் 162. அழுத்தம் 78/40.

1985ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இந்த எண்களுக்கு எல்லை போட்டுத் தந்தது: ட்ரைசைக்ளிக் மிகையளவில் கியூஆர்எஸ் 100 மில்லி செகண்டைத் தாண்டினால் வலிப்பு அபாயம், 160ஐத் தாண்டினால் கீழறைத் தாளக் கோளாறு அபாயம். அன்று நாங்கள் இரண்டு கோட்டையும் இருபது நிமிட இடைவெளியில் தாண்டியிருந்தோம்.

சோடியம் பைகார்பனேட். எடை 50 கிலோ. கிலோவுக்கு 2 மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் 100ஐ மொத்தமாக, நேராக நரம்பில், கையால் தள்ளினோம். சொட்டுச் சொட்டாக இறக்கும் நேரமில்லை அது. இது ரத்த அமிலத்தைச் சரிசெய்ய மட்டும் தருவதல்ல. பிஎச் இயல்பாக இருந்தாலும் கியூஆர்எஸ் அகன்றிருந்தால் தர வேண்டும். திடீரென்று கூடும் சோடியம், அடைபட்ட வாய்க்கால் வழியே உள்ளே நுழைய வலுவைக் கொடுக்கிறது. கார நிலை, மருந்து வாய்க்காலைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. இரண்டும் சேர்ந்துதான் வேலை.

அவசரப் பிரிவில் ஒரு மருந்தின் பலனைக் கண்ணால் பார்ப்பது அரிது. இது அந்த அரிதானவற்றில் ஒன்று. சிரிஞ்ச் காலியாகி ஒன்றரை நிமிடம் இருக்கும். பரந்து கிடந்த அலைகள் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கின. ஹவுஸ் சர்ஜன் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 138 வரை வந்து அங்கேயே நின்றது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு 50. அப்போது 116.

டியூப் போடும் முன்

வலிப்புக்குப் பின் ஜிசிஎஸ் 7. மூச்சுக்குழாயில் டியூப் போட்டே ஆக வேண்டும். ஆனால் இந்த நோயாளியிடம் மிக ஆபத்தான நிமிடம் அதுதான். தசை தளரும் மருந்து கொடுத்து மூச்சு நின்ற அந்த இடைவெளியில் கார்பன் டை ஆக்சைடு ஏறும், பிஎச் இறங்கும், பைகார்பனேட்டால் வாங்கி வைத்த அவகாசம் கரைந்துபோகும். அதனால் டியூபுக்கு முன்பே இன்னொரு 50 பைகார்பனேட் தள்ளினோம், ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினைத் தொடங்கினோம், கை தேர்ந்தவரை வைத்து முதல் முயற்சியிலேயே போட்டோம். வென்டிலேட்டரில் வழக்கத்தைவிட அதிக மூச்சு வேகம் வைத்தோம். முதல் ரத்த வாயுப் பரிசோதனையில் பிஎச் 7.21, டியூப் போட்ட அரை மணியில் 7.48. எங்கள் இலக்கு 7.45க்கும் 7.55க்கும் இடையில். அதற்கு மேல் ஏற்றினால் அதுவே தனி ஆபத்து.

காற்றுவழி பத்திரமான பிறகு மூக்குக் குழாய் வழியாக, வயிற்றில் மருந்தைப் பற்றிக்கொள்ளும் செயலூட்டிய கரி 50 கிராம், ஒரே தடவை. ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்பது பொது விதி. இந்த மருந்து வயிறு காலியாவதையே தாமதப்படுத்துவதால் கொஞ்சம் பிந்தியும் கொடுத்தோம். குடல் சத்தம் குறைவாக இருந்தாலும் கேட்டது. அறவே கேட்காமல் இருந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். விழுங்கும் உணர்வு மங்கிய ஒருவருக்கு டியூப் இல்லாமல் கரி ஊற்றுவது நுரையீரலுக்குள் கரி ஊற்றுவதற்குச் சமம். வயிற்றைக் கழுவவில்லை. "ஏன் டாக்டர் கழுவலையா?" என்று உறவினர்கள் இரண்டு முறை கேட்டார்கள். கழுவுவதில் கிடைக்கும் மாத்திரைத் துணுக்குகளைவிட அது தரும் தொல்லை பெரிது. டயாலிசிஸும் பயன் இல்லை. மருந்து ரத்தத்தில் தங்காமல் உடலெங்கும் திசுக்களில் போய் ஒளிந்துகொள்கிறது, வடிகட்ட ரத்தத்தில் மிஞ்சுவது சொற்பம்.

இதயத் தாளத்துக்கான வழக்கமான மருந்துகளான அமியோடரோன், புரோகைனமைடு எதையும் தொடவில்லை. தாளம் கெட்டாலும் முதலில் பைகார்பனேட்தான், அடுத்து லிக்னோகைன் என்று வெள்ளைப் பலகையில் எழுதி வைத்தோம். இரவு மாறும் டியூட்டி டாக்டர் கை தவறி அமியோடரோனை எடுத்துவிடக்கூடாது என்பதற்காக. கொழுப்புக் குழம்பு ஊசியும் கடைசிக் கைப்பிடியாகப் பட்டியலில் இருந்தது; தேவைப்படவில்லை.

இரவு

பாராசிட்டமால் அளவுக்கான ரத்தம் 11.45க்கு எடுத்தோம், உட்கொண்டிருக்கக்கூடிய கடைசி நேரத்திலிருந்து நான்கு மணி கணக்கிட்டு. யார் எந்த மாத்திரை போட்டு வந்தாலும் இதைப் பார்க்கிறோம். பாராசிட்டமால் முதல் நாள் ஒரு அறிகுறியும் காட்டாமல் கல்லீரலைத் தின்றுவிடும். அசிட்டைல்சிஸ்டீன் நேரத்தோடு கொடுத்தால் தடுக்கலாம். இவருக்கு அளவிடும்படி இல்லை.

சிறுநீர் மருந்துப் பரிசோதனைப் பட்டையில் தூக்க மருந்து வகை "நெகட்டிவ்" என்று வந்தது. காலி அட்டை கையில் இருக்கும்போதே! அந்தப் பட்டைகள் பல குளோனாசெபாமைச் சரியாகப் பிடிப்பதில்லை. மறுபுறம் க்வெட்டியபின் என்ற வேறு வகை மனநல மருந்து சாப்பிட்டவருக்கு ட்ரைசைக்ளிக் "பாசிட்டிவ்" என்று காட்டக்கூடும். இரவில் சிகிச்சையை முடிவு செய்ய அந்தப் பட்டை எனக்கு உதவியதாக நினைவில்லை.

நார்அட்ரினலின் ஐந்து மணி நேரம் தேவைப்பட்டது. காலை 6 மணிக்கு கியூஆர்எஸ் 98.

விழித்த பிறகு

ஏறத்தாழ 26 மணி நேரத்தில் டியூப் எடுத்தோம். எடுத்ததும் தெளிவாகிவிடவில்லை. காற்றில் எதையோ கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்பிலிருந்து நூல் பிரிப்பதுபோல் விரல்கள் ஓயாமல் அசைந்தன. தம்பியைப் பார்த்து வேறு யார் பெயரையோ சொன்னார். நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் தடைபட்ட மூளையின் குழப்பம் இது. ஹாலோபெரிடால் தரவில்லை, அது இதய மின்னோட்டத்தை இன்னும் நீட்டக்கூடும். அந்தத் தடைக்கு மாற்று மருந்தான ஃபைசோஸ்டிக்மின் ட்ரைசைக்ளிக் நோயாளிக்குக் கூடாது. சிறு அளவில் லோரசெபாம், மங்கலான விளக்கு, பக்கத்தில் தம்பி. மறுநாள் மதியத்துக்குத் தெளிந்தது.

மனநல மருத்துவர் அன்று காலையிலேயே வந்துவிட்டார். பார்த்துவிட்டு, "இப்ப பேசினா எனக்கும் உபயோகமில்ல, அவங்களுக்கும் இல்ல. நாளைக்கு வர்றேன்" என்று போனார். குழப்பத்தில் இருப்பவரிடம் "ஏன் செய்தீர்கள்" என்று கேட்டு, "தெரியாம செஞ்சிட்டேன்" என்ற பதிலை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அவர் அதைச் செய்யவில்லை.

மூன்றாம் நாள் நானும் அருகில் இருந்தேன். மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சாகணும்னு நினைச்சீங்களா?" என்று நேராகவே கேட்டார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு அதைச் சொல்ல முடிந்ததே ஒரு இறக்கி வைத்தல். அந்தப் பெண் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தூக்கமே வரல. ரெண்டு வாரமா. எல்லாம் நிக்கணும்னு இருந்துச்சு" என்றார். அழுதார். அந்த நேரம் வார்டில் ஒருவர் எங்கள் காதில் விழும்படி, "இவங்களுக்கெல்லாம் ஐசியூ பெட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அது நோயாளி காதிலும் விழுந்திருக்கும். மாரடைப்பு நோயாளி அருகில் யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அட்டை வேறாக இருந்திருந்தால்

மனநிலையைச் சீராக்கும் லித்தியமாக இருந்தால் கரி பயனில்லை, அது லித்தியத்தைப் பற்றாது. மெதுவாகக் கரையும் வகையானால் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலால் முழுக் குடலையும் அலசலாம். நரம்புக் குறிகள் தோன்றினாலோ, சிறுநீரகம் தளர்ந்து ரத்தத்தில் அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தாண்டினாலோ டயாலிசிஸ். ஒரு கிளைக்கதை: லித்தியம் ஹெப்பாரின் குழாயில் (ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் உப்பு சேர்த்தது) ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, லித்தியமே சாப்பிடாதவருக்கு அளவு ஏறி வந்திருக்கிறதே என்று ஒரு வார்டே பதறியதைப் பார்த்திருக்கிறேன். வால்ப்ரோயேட்டானால் ரத்தத்தில் அம்மோனியாவைப் பார்க்க வேண்டும், அதற்கான மருந்தான கார்னிடைன் கைவசம் வேண்டும். செர்ட்ராலின் போன்றவை பெரும்பாலும் கணுக்கால் துடிப்பு, நடுக்கம், வேர்வையாக வெளிப்படும். அங்கே அக்குள் நனைந்திருக்கும், குடல் சத்தம் கூடியிருக்கும். அதே வகைச் சிட்டலோப்ராம் என்றால் இசிஜியில் கியூடி இடைவெளி (ஒரு துடிப்பின் மின்னோட்டம் தொடங்கி அடங்கும் நேரம்) மீது கண் வேண்டும். எல்லாவற்றிலும் முதல் பத்து நிமிடம் ஒன்றுதான்: காற்றுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், சர்க்கரை, இசிஜி.

எங்கள் தவறுகள்

மருந்துக் கேள்வியை முதலிலேயே தப்பாகக் கேட்டது ஒன்று. சிறுநீர்ப்பையைத் தொட்டுப் பார்க்காமல் விட்டோம். இரவு 11 மணிக்குக் குழாய் போட்டபோது 900 மில்லி வந்தது. மயக்கத்திலும் அவர் புரண்டுகொண்டிருந்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கும். பொட்டாசியத்தை நள்ளிரவுக்குப் பிறகுதான் மீண்டும் பார்த்தோம். 2.9. இவ்வளவு பைகார்பனேட் ஏற்றினால் பொட்டாசியம் செல்களுக்குள் ஓடிவிடும் என்பது தெரிந்த விஷயம். மணிக்கொரு முறை பார்த்திருக்க வேண்டும். ஏற்கெனவே அடிவாங்கிய இதயத்துக்கு அது வேண்டாத இன்னொரு அடி.

வீட்டுக்கு அனுப்பும் முன் பைகார்பனேட் இல்லாமலே 24 மணி நேரம் இசிஜி இயல்பாக இருப்பதை உறுதி செய்தோம். மருந்துகளை வாரத்துக்கு ஒரு முறை மட்டும் வாங்கித் தரும் பொறுப்பைத் தம்பி ஏற்றார். பூட்டும் பெட்டி ஒன்று வாங்கினார்கள். அதில் அம்மாவின் மாத்திரையும், அப்பாவின் பிரஷர் மாத்திரையும் சேர்த்தே வைக்கச் சொன்னோம். மனநல மருத்துவர் ஐந்தாம் நாளே போன் செய்து பேசினார், ஏழாம் நாள் நேரில் பார்த்தார்.

ஆறாவது வாரம் மறுபரிசோதனைக்கு வந்தார். கியூஆர்எஸ் 88, இரவில் ஐந்து மணி நேரத் தூக்கம். அம்மாவின் கால் எரிச்சலுக்கு அவருடைய டாக்டர் வேறு மருந்து மாற்றிக் கொடுத்திருந்தார். எங்கள் பிரிவின் சேர்க்கைத் தாளில், "நோயாளியின் மருந்துகள்" என்ற அச்சு வரிக்குக் கீழே சிஸ்டர் பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தார்: "வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளும், எதற்காக இருந்தாலும்." அடுத்த முறை தாள் அச்சுக்குப் போனபோது அந்த வரியும் சேர்ந்து அச்சானது.